லோடு வராத நாளின் கூலி

புதுச்சேரி தேங்காய்த்திட்டில் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த இறால் கம்பெனியில், உரிக்கும் கூடத்துக்குள் நுழையும் இடத்தில் சுவர் நீளத்துக்கு ஒரு பலகை அறைந்திருக்கும். பலகை நெடுகக் கொக்கிகள். கொக்கிக்கு ஒரு நீல ஏப்ரன். அந்தக் கொக்கிகளை நினைத்தால் எனக்கு ஒரு குறிப்பிட்ட நாள்தான் ஞாபகத்துக்கு வரும். எதையும் வரிசை போட்டுப் பார்ப்பது என் பழக்கம் என்பதால், அந்த நாளையும் அப்படியே எழுதுகிறேன்.

1. காலையில் மேஸ்திரியம்மா வழக்கம்போல வேனில் இறால் உரிக்கும் பெண்களை அழைத்துக்கொண்டு வந்தார்.

2. இறால் லோடு வரவில்லை.

3. பெண்கள் ஏப்ரன்களைத் தொடாமல், வெளியே பூவரச மரத்தடியில் போய் உட்கார்ந்தார்கள்.

4. தொழிலாளர் துறையிலிருந்து ஓர் ஆய்வாளர் அம்மா வந்தார்.

5. அவர் கொக்கிகளைப் பார்த்தார், மரத்தடியைப் பார்த்தார், மேஸ்திரியம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டார்.

6. மேஸ்திரியம்மா பொய் சொன்னார்.

கேள்வி ரொம்பச் சாதாரணமானது. "உங்களையெல்லாம் யார் வரச் சொன்னது?" மேனேஜர் சார் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். மேஸ்திரியம்மா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, "யாரும் சொல்லலம்மா. நாங்களாத்தான் வந்து குந்தியிருக்கோம். லோடு வந்தா உள்ள போவோம், வரலன்னா ஊட்டுக்குப் போவோம்" என்றார். ஆய்வாளர் அதை எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் அந்தப் பெண்கள் அன்றைக்கு வேலைக்கே வராதவர்கள் ஆகிவிட்டார்கள்.

நான் அப்போது உணவுத் தொழில்நுட்பம் படித்து முடித்த கையோடு வந்திருந்தேன். தரக்கட்டுப்பாடு என் பொறுப்பு. கருவடிக்குப்பத்திலிருந்து ஸ்கூட்டரில் ஊரைக் குறுக்கே கடந்து வருவேன். தண்ணீரில் குளோரின் சரியாக இருக்கிறதா, ஐஸ் போதுமா, கை கழுவினார்களா என்று பார்த்துக்கொண்டே நடப்பதுதான் வேலை. அதனால் எனக்கு அங்கே "க்யூசி" என்று பெயர். மேஸ்திரியம்மா மட்டும் கூடவே ஒரு பாப்பாவைச் சேர்த்துக்கொள்வார். "க்யூசி பாப்பா வருது, நகத்த ஒளிச்சு வைங்கடி" என்பார், எனக்குக் கேட்கிற மாதிரியே.

மேஸ்திரியம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். பிள்ளைச்சாவடிக்காரர். அந்தக் கரையோரப் பெண்களைத் திரட்டி, வேன் பேசி, கம்பெனிக்குக் கூட்டி வருவது அவர் வேலை. அவர் உரிக்க மாட்டார். உரிக்கும் பெண்களுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. அவர்கள் உரித்த மொத்தத்தில் கிலோவுக்கு ஒரு சிறு தொகை அவருக்கு. கூடத்தின் வாசலில் ஏப்ரன் இல்லாமல், கையில் ஒன்றும் இல்லாமல், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நிற்கும் ஒரே ஆள் அவர்தான். அவர் குரலுக்கு ஐஸ் உடைக்கும் ஆண்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். மேனேஜர் சாரையே, "உங்க மூஞ்சி இன்னா சார் தோல் சீவாத எறா மாதிரி இருக்குது, வூட்ல சண்டையா?" என்று கேட்கக்கூடியவர். அவரும் சிரித்துவிட்டுப் போய்விடுவார். அவர்களுக்குள் பல வருடப் பழக்கம். மேஸ்திரியம்மாவின் கணவர் ஜிப்மர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரத்தம் கொடுத்தவர்களில் மேனேஜர் சாரும் ஒருவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

கடலில் மீன்பிடித் தடை இருக்கும் மாதங்களில் எங்களுக்கு மரக்காணம் பக்கத்துக் குட்டைகளிலிருந்துதான் இறால் வரும். குட்டையில் எப்போது பிடிப்பார்கள், லாரி எப்போது கிளம்பும், வழியில் எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் லாரி வந்துவிட்டால் ஐஸ் கரைவதற்குள் உரித்தாக வேண்டும், கை தயாராக இருக்க வேண்டும். அதனால் விடியற்காலையில் மேனேஜர் சார் மேஸ்திரியம்மாவுக்குப் போன் செய்வார். மேஸ்திரியம்மா வேன்காரருக்குப் போன் செய்வார். வேன் பிள்ளைச்சாவடியில் ஏற்றிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வந்து ஊருக்குள் புகுந்து தேங்காய்த்திட்டுக்கு வரும். அதன் பிறகு லாரிக்காகக் காத்திருப்பதுதான். சில நாள் ஒரு மணி நேரம். சில நாள் மதியம் வரை. சில நாள் லாரியே வராது. வேன் திரும்பிப் போகும்.

இதில் அந்தப் பெண்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. லாரி கேட்டுக்குள் நுழைந்து, பின்கதவு திறந்து, ஐஸ் தண்ணீர் தரையில் ஒழுகுவதைக் கண்ணால் பார்க்காமல் ஒருத்தியும் ஏப்ரனைக் கட்ட மாட்டாள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஏப்ரன் கட்டினால் லோடு வராதாம். இது எப்போது ஆரம்பித்தது என்று அவர்களுக்கே தெரியாது. புதிதாக வந்த ஒரு பெண் தெரியாமல் கட்டிவிட்டதற்காக, அன்று லாரி திண்டிவனம் சாலையில் பழுதாகி நின்றதன் முழுப் பழியையும் சுமந்தாள். அவளை வாரக்கணக்கில் "டயர் பஞ்சர்" என்றே கூப்பிட்டார்கள். ஏப்ரன் இல்லாமல் கூடத்துக்குள் இருக்கக்கூடாது என்பது சுகாதார விதி. அதை ஓர் அறிவிப்புப் பலகையில் எழுதி வாசலுக்கு மேலே மாட்டியது நான். ஆக, ஏப்ரன் கட்டுவதும் கிடையாது, கட்டாமல் உள்ளே நிற்கவும் முடியாது. மீதி இருந்தது பூவரச மரத்தடிதான்.

அந்த ஆய்வுக்குச் சில வாரங்கள் முன்பு, மேனேஜர் சார் என்னிடம் கம்பெனியில் உள்ள எல்லா வேலைகளையும் பிரித்து அட்டவணை போடச் சொல்லியிருந்தார். அரசு குறைந்தபட்சக் கூலியைத் திருத்தியிருந்தது. அப்போதுதான் அந்த விதிகளை நான் முழுசாகப் படித்தேன். படிக்கும் முன், குறைந்தபட்சக் கூலி என்றால் எல்லோருக்கும் ஒரே தொகை என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. எந்தத் தொழில் என்பதைப் பொறுத்து ஒரு விகிதம். அந்தத் தொழிலுக்குள் பயிற்சி தேவையில்லாத வேலை, ஓரளவு தேவைப்படும் வேலை, நல்ல தேர்ச்சி வேண்டிய வேலை என்று படிகள். விலைவாசி ஏறினால் கூடவே ஏறும் ஒரு பஞ்சப்படி. வேலை செய்பவர் எங்கே குடியிருக்கிறார் என்பது கணக்கில் இல்லை, எங்கே வேலை செய்கிறார் என்பதுதான் கணக்கு. எங்கள் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. ஒரே சாலையில் நடந்துகொண்டிருக்கும்போதே தமிழ்நாட்டுக்குள் போய்த் திரும்பப் புதுச்சேரிக்குள் வந்துவிடுகிற ஊர் இது. பெண்களில் சிலருக்கு வீடு எல்லைக்கு அந்தப் பக்கம். "அப்போ எனக்கு எந்த கவருமெண்டு கூலி?" என்று ஒருத்தி கேட்டபோது, "எந்த கவருமெண்டு எறாவ உரிக்கிறியோ அந்த கவருமெண்டு" என்று நான் சொல்வதற்குள் மேஸ்திரியம்மா சொல்லிவிட்டார்.

ஐஸ் தூக்குபவர்களை ஒரு படியில் போட்டேன். உறைய வைக்கும் இயந்திரத்தை ஓட்டுபவரை மேல்படியில் போட்டேன். பெருக்குபவர், காவலாளி, எல்லோருக்கும் ஓர் இடம் கிடைத்தது. உரிக்கும் பெண்களிடம் வந்ததும் நின்றுவிட்டேன். கிலோ கணக்கில் கூலி வாங்குபவர்களுக்கும் விதியில் இடம் உண்டு. எவ்வளவு உரித்தாலும், ஒரு நாள் வேலைக்கான தொகை நாள் கூலிக்குக் கீழே போகக்கூடாது. அதைவிட என்னை நிமிர வைத்தது அடுத்த விதி. வேலைக்கு வந்த ஆளுக்கு முதலாளியால் அன்று வேலை கொடுக்க முடியாமல் போனால், அந்த ஆளே வேலை செய்ய மறுக்காதவரை, பொதுவாக முழு நாள் கூலி உண்டு. நான் அதை மேனேஜர் சாரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. முதலாளி சென்னையில் இருந்தார். கேள்வி கேட்பவர் அவர், பதில் சொல்ல வேண்டியவர் இவர். "வேலைக்கு வந்தாத்தானம்மா அது. இவங்க மரத்தடியிலல்ல இருக்காங்க. லோடு வந்தப்புறம்தான் வேலைக்கே வர்றாங்க" என்றார். நான் கூடத்து வாசலைப் பார்த்தேன். கொக்கிகளில் ஏப்ரன்கள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

அதற்குப் பிறகுதான் ஆய்வாளர் வந்ததும், மேஸ்திரியம்மா அந்தப் பதிலைச் சொன்னதும்.

கொஞ்ச நாளில் புதிய கூலி அறிவிப்பைச் சுவரில் ஒட்டினார்கள். ஐஸ்காரர்களுக்கு ஏறியிருந்தது. இயந்திரக்காரருக்கு ஏறியிருந்தது. காவலாளிக்கும் ஏறியிருந்தது. உரிப்பவர்களுக்குக் கிலோ கூலியில் கொஞ்சம் ஏற்றம், அது லோடு வந்தால்தான். மேஸ்திரியம்மா என்னைக் கூப்பிட்டு மேலிருந்து கீழே வரை படிக்கச் சொன்னார். படித்தேன். "லோடு வராத நாளுக்கு?" என்றார். "அதப் பத்தி ஒண்ணும் இல்லம்மா" என்றேன். "கீழ பாரு, சின்ன எழுத்துல இருக்கும்." கீழேயும் பார்த்தேன். இல்லை. அவர் வெளியே போனார். கேட்டருகே நாற்காலியில் காவலாளி உட்கார்ந்திருந்தார். அவருடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் மேஸ்திரியம்மா அவரை, பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி, "முசே" என்றுதான் கூப்பிடுவார். அன்று பேசியது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது.

"ஒனக்கு ஏறிடுச்சாமே முசே."

"ஆமாம் மேஸ்திரி. டீ வாங்கித் தரட்டா?"

"காலையிலேர்ந்து இன்னா செஞ்ச நீ?"

"டூட்டி பாக்கறேன்."

"அதான், இன்னா செஞ்ச?"

"லாரி வருதான்னு பாத்துக்கினு இருக்கேன்."

"நாங்களும் அதத்தான் பாத்துக்கினு இருக்கோம். நீ பாத்தா டூட்டி, நாங்க பாத்தா வெட்டியா?"

முசே சிரித்தார். தன் காக்கிச் சட்டையின் தோளைத் தட்டிக் காட்டி, "இது இருக்குல்ல" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். மேஸ்திரியம்மா சிரிக்கவில்லை. அந்தச் சட்டையைப் பார்த்தபடி நின்றார்.

அந்த மாதமே, எங்களிடம் உரித்துக்கொண்டிருந்த மேஸ்திரியம்மாவின் மருமகள் வேலையை விட்டாள். கடற்கரைப் பக்கம், வெள்ளைக்காரத் தெருக்களில் ஒரு ஓட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலை கிடைத்திருந்தது. கூடத்திலேயே வேகமாக உரிக்கும் கை அவளுடையது. விடைபெற வந்தவள் மற்ற பெண்களிடம் ஓட்டலைப் பற்றிக் கதை கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். காலையில் போனதும் யூனிஃபார்ம் மாட்டிக்கொள்ள வேண்டும், சாயங்காலம்தான் கழட்ட வேண்டும். "ஆளே தங்கலன்னா?" என்று ஒருத்தி கேட்டாள். "தங்கலன்னா இன்னா? மாட்டிக்கினு நிப்போம். நின்னாலும் சம்பளம்தான்." பிறகு மாமியாரைப் பார்த்துக் குரலை இறக்கி, "நீயும் வாயேன் அத்த. மரத்தடியில குந்தறதுக்கு அங்க வராண்டாவுல நிக்கலாம்" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். "போடி, நான் போனா இதுங்கள யாரு மேய்க்கறது?" என்றார் மேஸ்திரியம்மா. ஆனால் வேன் கிளம்பும்போது முன் சீட்டில் வழக்கமான அதட்டல் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். அடுத்தடுத்து இரண்டு பேர் அதே ஓட்டலில் வேலை இருக்கிறதா என்று விசாரிக்கத் தொடங்கியிருந்ததை அவர் அறிவார். லோடு வராத நாள் அந்தக் கோடையில் அதிகம். இப்படியே போனால் வேனில் ஏற ஆள் இருக்காது, இருக்கிறவர்களின் வீட்டில் அடுப்பும் ஒழுங்காக எரியாது. அவர் கண்முன்னால் நடந்துகொண்டிருந்தது அதுதான்.

ஒரு காலை, நான் ஸ்கூட்டரை நிறுத்தும்போதே எனக்காகக் காத்திருந்தார்.

"பாப்பா, ஒண்ணு கேக்கறேன், படிச்ச மாதிரி சொல்லு. ஏப்ரன் மாட்டிக்கினு உள்ளார சும்மா குந்தியிருந்தா ஒங்க ரூலுக்குத் தப்பா?"

"இல்லம்மா. மாட்டாம உள்ள இருக்கறதுதான் தப்பு."

"மாட்டிக்கினு வெளிய வந்தா?"

"அது பெரிய தப்பு. திரும்ப உள்ள வரணும்னா வேற ஏப்ரன், மறுபடியும் கை கால் கழுவணும், குளோரின் தண்ணியில கால் நனைக்கணும், எல்லாம் முதல்லேர்ந்து."

"அது போதும்" என்றார்.

உள்ளே போய்ப் பலகையின் முதல் கொக்கியிலிருந்து ஒரு ஏப்ரனை எடுத்துத் தானே கட்டிக்கொண்டார். நான் சேர்ந்த நாளிலிருந்து அவரை ஏப்ரனில் பார்த்ததே இல்லை. முடிச்சுப் போடத் தெரியாமல், இல்லை, மறந்துபோய், பின்னால் கையை விட்டுத் தடவிக்கொண்டிருந்தார். "டயர் பஞ்சர்" ஓடிவந்து கட்டிவிட்டாள். மற்றவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். "வேணாங்க்கா, லோடு வராது" என்று ஒருத்தி நிஜமாகவே பயந்தாள். "மாட்டாமயே இத்தினி நாளு மரத்தடியில குந்துனீங்களே, லோடு கொட்டுச்சா? வாங்கடி." ஒவ்வொருத்தியாக எடுத்துக் கட்டினார்கள். கை கழுவினார்கள். மேசைக்கு இரண்டு பக்கமும் அவரவர் இடத்தில், முக்காலியில் உட்கார்ந்தார்கள். மேசை மேல் ஒன்றும் இல்லை. வெறும் எஃகுத் தகடு, அதில் அவர்கள் முகங்கள் மங்கலாகத் தெரிந்தன. இறால் இல்லாமல் அந்தக் கூடத்தில் அவர்கள் இத்தனை பேரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முதலில் கூச்சமாக இருந்திருக்கும். பிறகு ஒருத்தி, இல்லாத இறாலை எடுத்துத் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, நரம்பை இழுத்துப் பக்கத்துக்காரியின் கூடையில் போட்டாள். கூடமே சிரித்தது.

அன்றைக்கு லோடு வரவில்லை. பயந்தவள், "சொன்னேனே சொன்னேனே" என்று வேனில் ஊர் போகும்வரை பாடிக்கொண்டே போனாளாம். மறுநாளும் மேஸ்திரியம்மா முதல் ஆளாக ஏப்ரன் கட்டினார். மறுநாள் லாரி வந்தது. அதோடு அந்த நம்பிக்கையின் கால் ஒடிந்தது.

மேனேஜர் சாருக்கு இது பிடிக்கவில்லை. கூடத்தின் குளிரூட்டி ஓட வேண்டியிருந்தது, விளக்கு எரிய வேண்டியிருந்தது. கதவருகே நின்று, "எல்லாரையும் வெளிய உக்காரச் சொல்லு மேஸ்திரி, லோடு வந்தா கூப்பிடலாம்" என்றார். மேஸ்திரியம்மா எழுந்து என் பக்கம் கையைக் காட்டி, "க்யூசி பாப்பா உடாது சார். ஏப்ரனோட வெளிய போனா ரூலுக்குத் தப்பாம்" என்றார், கண்ணில் துளி சிரிப்பு இல்லாமல். மேனேஜர் சார் என்னைப் பார்த்தார். "ஆமா சார். திரும்ப எல்லாரையும் தயார் பண்றதுக்குள்ள ஐஸ் கரைஞ்சிரும்" என்றேன். அது உண்மை. நானே எழுதி மாட்டிய பலகை அவர் தலைக்கு மேலேயே இருந்தது. அவர் அதை ஒருமுறை படித்துவிட்டுப் போனார். நான் எழுதிய எந்தப் பலகையும் அதற்கு முன் அத்தனை பேருக்குப் பயன்பட்டதில்லை.

ஆய்வாளர் அம்மா இரண்டாம் முறை வந்தது அந்தக் கோடையின் கடைசியில். புதிய கூலி ஒழுங்காகக் கொடுக்கப்படுகிறதா என்று பார்க்க வந்தார். ஐஸ்காரர்களிடம் பேசிவிட்டு, கூடத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே முழு ஏப்ரன், தலையில் வலைத்தொப்பி, கழுவிய கைகள் மேசை மேல், முன்னால் ஒன்றுமே இல்லை. கதவைத் திறந்து, "லோடு இல்லையே, ஏன் உட்கார்ந்திருக்கீங்க?" என்று கேட்டார். எல்லாத் தலையும் மேஸ்திரியம்மா பக்கம் திரும்பியது.

மேனேஜர் சார் ஆய்வாளருக்கு ஒரு அடி பின்னால் நின்றிருந்தார். மேஸ்திரியம்மா முதலில் ஆய்வாளரைப் பார்க்கவில்லை, மேனேஜர் சாரைத்தான் பார்த்தார். ஜிப்மர் வராண்டாவும், அந்த இரத்தப் பையும் அந்தப் பார்வையில் இருந்தனவா என்று எனக்குத் தெரியாது. இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். இந்தப் பதிலோடு தன்னுடைய மேஸ்திரி வேலை போய்விடலாம் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். அந்தக் காலை போன் அவர் ஒருவருக்குத்தான் வரும். கூப்பிட்டதற்குச் சாட்சி அவர் சொன்னால்தான் உண்டு.

"காலையில சார் போன் பண்ணாரும்மா" என்றார். "வண்டி வருது, பொண்ணுங்கள கூட்டிக்கினு வான்னாரு. கூட்டியாந்தேன். அவரு கூப்புடாம நாங்க ஒரு நாளும் வந்ததில்ல."

"போன தடவை நீங்களா வந்தோம்னு சொன்னீங்களே?"

"அது மானத்துக்குச் சொன்னதும்மா. வேலை இல்லாம காசு கேக்கறவளுங்கன்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு சொன்னேன். இப்ப வயித்துக்குச் சொல்றேன்."

ஆய்வாளர் திரும்பி மேனேஜர் சாரைப் பார்த்தார். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். மறுத்திருக்கலாம், மறுத்திருந்தால் பேச்சுக்குப் பேச்சு என்று நீண்டிருக்கும். அவர், "ஆமா மேடம். நான்தான் கூப்பிட்டேன். தினமும் நான்தான் கூப்பிடறேன்" என்றார். இதை எழுதும்போது ஒன்று தோன்றுகிறது. மேஸ்திரியம்மாவின் துணிச்சலைப் பற்றிப் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அந்த "ஆமா"வைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

ஆய்வாளர் அம்மா அங்கேயே நின்று நான் படித்த அதே விதியைப் பேச்சுத் தமிழில் சொன்னார். கூப்பிட்டு வந்தவர்கள், தயாராக இருக்கிறார்கள், வேலை கொடுக்க முடியவில்லை. அப்படியென்றால் நாள் கூலி உண்டு, கிலோ கணக்கு அதற்கு மேலேதான். அவ்வளவுதான் சொன்னார். பெண்கள் யாரும் கைதட்டவில்லை. உண்மையா என்று என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன். கடைசி முக்காலியில் இருந்த ஒருத்தி, "அப்போ நாம இப்ப வேலையிலயா இருக்கோம்?" என்று பக்கத்தில் கேட்டாள். "ஆமாண்டி, பேசாம வேலையப் பாரு" என்றாள் பக்கத்துக்காரி.

அதற்குப் பிறகு எல்லாம் இனிப்பாக நடக்கவில்லை. சென்னையிலிருந்து முதலாளி வந்தார், மேனேஜர் சாரின் அறைக் கதவு வெகுநேரம் மூடியிருந்தது. பெண்களை நேரடியாகக் கம்பெனிப் பதிவில் சேர்த்தார்கள். பதிவில் சேர்த்த பிறகு நடுவில் ஒரு மேஸ்திரி எதற்கு என்று கேள்வி வந்தது. கிலோவுக்கு அவருக்கு வந்துகொண்டிருந்த சிறு தொகை நின்றது. காலை போன் இப்போது வேன்காரருக்கே நேராகப் போனது. ஒரு வாரம் அவர் வரவே இல்லை. 

அடுத்த வாரம் வந்தார். வேனின் முன் சீட்டில் இல்லை, பின்னால் மற்றவர்களோடு நெருக்கி உட்கார்ந்து வந்தார். கேட்டில் முசே எழுந்து நின்று, "இன்னா மேஸ்திரி, பதவி போயிடுச்சாமே?" என்றார். "பதவி போச்சு முசே. சட்ட வந்துடுச்சு" என்று ஏப்ரனைத் தொட்டுக் காட்டப்போய், அது இன்னும் கொக்கியில் இருப்பது ஞாபகம் வந்து, தானே சிரித்துவிட்டார். உள்ளே வந்து மருமகளின் பழைய முக்காலியில் உட்கார்ந்தார். பல வருடமாக உரிக்காத விரல்கள். முதல் நாள் அவருடைய கூடைதான் எல்லாவற்றிலும் குறைவு. அவரால் அதட்டி வளர்க்கப்பட்ட பெண்கள் அன்று பழி தீர்த்துக்கொண்டார்கள். "நகத்த ஒளிச்சு வைங்க மேஸ்திரி, க்யூசி வருது" என்று ஒருத்தி கத்தினாள். அன்று உரித்ததை மட்டும் வைத்துப் பார்த்தால் அவருக்குக் கிடைத்திருக்கக்கூடியது சொற்பம். ஆனால் நாள் கூலிக்குக் கீழே போகக்கூடாது என்ற விதி இருந்தது. எந்த விதிக்காக வாயைத் திறந்தாரோ, அது முதலில் தாங்கிப் பிடித்தது அவரைத்தான்.

இன்னொன்றும் நடந்தது, யாரும் எதிர்பார்க்காதது. காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி உண்டு என்றானதும், காத்திருக்கும் நேரம் குறைந்துபோனது. மேனேஜர் சார் குட்டைக்காரர்களிடம் லாரி கிளம்பியதும் தகவல் சொல்லச் சொன்னார். லாரி பாதி வழி வந்த பிறகுதான் வேனைக் கூப்பிட்டார். பெண்கள் வீட்டில் சோறு வடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்தார்கள். இது அத்தனை வருடமும் முடிந்திருக்கக்கூடிய காரியம். அவர்களுடைய நேரத்துக்கு விலை இல்லாதவரை அதை மிச்சம் பிடிக்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

நான் அந்தக் கம்பெனியை விட்டு, இப்போது ஊருக்குள் ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். இங்கே நாள் முழுவதும் வெள்ளைக் கோட்டு. பரிசோதிக்க மாதிரி எதுவும் வராத மதியங்களில் கோட்டைக் கழற்றாமல் ஜன்னலருகே உட்கார்ந்து டீ குடிப்பேன். மாதச் சம்பளக்காரி, யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அப்படி உட்காரும்போது சில சமயம் பூவரச மரத்தடி ஞாபகத்துக்கு வரும்.

போன வாரம், பரிசோதனைக்கு இறால் மாதிரி எடுப்பதற்காகத் தேங்காய்த்திட்டுக்குப் போயிருந்தேன். கேட்டில் முசே இல்லை, ஓய்வு பெற்றுவிட்டாராம். அவருடைய நாற்காலியில் வேறொருவர் அதே காக்கிச் சட்டையில் லாரியை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரியம்மா மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பதிவில் அவர் பெயருக்கு எதிரே ஓரளவு பயிற்சி பெற்றவர் என்று போட்டிருக்கிறது. புதுப் பெண்களுக்குப் பழக்கிவிடுவதும் மேசையைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான் என்பதால், மேல்படியில் போட வேண்டும் என்று கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். பதில் வரவில்லை. "ஒங்கள மாதிரி பட்டம் கேக்கறாங்களா பாப்பா?" என்று கேட்டார். "பட்டம் தேவையில்லம்மா, வேலையத்தான் பாக்கணும்" என்றேன். "அதச் சொல்லத்தான் திரும்ப எழுதப் போறேன்." மருமகள் இன்னும் ஓட்டலில்தான் இருக்கிறாள். வீட்டில் இரண்டு பேரும், யாருடைய வேலையில் லீவு அதிகம் என்று சண்டை போடுகிறார்களாம். அவர்கள் தெருவில் நாலு வீடு தள்ளி, சின்னச் சின்னக் கொட்டகைகளில் இன்னும் வெறும் கிலோ கணக்கில் உரிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேர் அந்த வாரம் மேஸ்திரியம்மாவிடம் விசாரித்துவிட்டுப் போனார்களாம். அவர் சொல்லி அனுப்பியது ஒன்றுதான். "யாரு கூப்டாங்கன்னு கேட்டா பொய் சொல்லாதீங்கடி."

கிளம்பும்போது வாசலில் அந்தப் பலகையைப் பார்த்தேன். கொக்கிகளில் ஒரு ஏப்ரன்கூட இல்லை. கண்ணாடிக் கதவுக்குள் எல்லோரும் அவரவர் முக்காலியில் இருந்தார்கள், மேசை காலியாக இருந்தது, ஒருத்தி ஏதோ சொல்ல மற்றவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

லோடு இன்னும் வரவில்லை. அவர்கள் வேலையில் இருந்தார்கள்.